செபுவில் விருந்து வைக்கப் போகிறீர்களா? ஹோட்டல் கேட்டரிங், ஊர்ச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிலிப்பைன்ஸின் செபு நகரில் குடியிருக்கிறேன். மனைவி பக்கத்து ஊரான தலிசாயைச் சேர்ந்தவர். எங்கள் கல்யாணம், மகளின் ஞானஸ்நானம், அவளுடைய முதல் பிறந்தநாள் எல்லாம் இங்கேதான் நடந்தன. இங்கே மருத்துவம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பட்டமளிப்புக்குப் பெற்றோர் வரும்போது ஹோட்டலில் ஒரு ஹால் பிடித்து நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விருந்து வைக்க ஆசைப்படுகிறார்கள். பிலிப்பினோ குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்களும் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான் என்பதால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஹோட்டலில் பஃபே சொல்லிவிட்டால் வேலை முடிந்ததே. வெளிச் சாப்பாடு எதற்கு?

மேசை, நாற்காலி, தட்டு, பரிமாற ஆள், ஏசி, சாதம், சூப், சாலட், காபி. இதையெல்லாம் ஹோட்டல் நன்றாகச் செய்யும், ஹோட்டலிடமே விட்டுவிடுங்கள். ஆனால் இங்கே 'ஹண்டா' என்று ஒரு சொல் இருக்கிறது. விசேஷத்துக்காக வீட்டார் தயார் செய்து மேசையில் பரப்பி வைக்கும் சாப்பாடு முழுவதற்கும் அதுதான் பெயர். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹண்டாவைத்தான். வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் அதைப் பற்றித்தான். ஹோட்டல் பஃபேயில் வெள்ளை சாஸ் ஊற்றிய மீனும் காளான் போட்ட சிக்கனும் இருக்கும், ருசியாகவும் இருக்கும். ஆனால் அவை எந்த நாட்டு ஹோட்டலிலும் கிடைக்கும்.

ஊர்ச் சாப்பாடு அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கைகள் உண்டு. லெச்சோன் என்ற முழுப் பன்றியை வாட்டுகிறவர் அதை மட்டும்தான் செய்வார். ஓலையில் சோறு கட்டுகிறவர் வேறு, பலகாரம் செய்கிற அம்மா வேறு. ஹோட்டல் சமையல்காரர் இதையெல்லாம் சமைத்துவிடலாம், ஆனால் மூன்று தலைமுறையாக அதையே செய்கிறவரின் கைப்பக்குவம் வராது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ஹோட்டலில் சின்ன மெனுவாக எடுத்துக்கொள்ளுங்கள், நான்கைந்து ஊர்ப் பண்டங்களை வெளியிலிருந்து வரவழையுங்கள். வரவழைக்கும் முன் ஹோட்டலிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

லெச்சோன் கட்டாயம் வேண்டுமா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

முழுப் பன்றியைக் கரி நெருப்பில் வாட்டுவதுதான் லெச்சோன். பிலிப்பைன்ஸ் முழுக்க உண்டு, ஆனால் செபுவின் முறை தனி. வயிற்றைச் சுத்தம் செய்து, அதற்குள் கட்டுக்கட்டாக எலுமிச்சைப்புல், வெங்காயத்தாள், பூண்டு, உப்பு எல்லாம் திணித்துத் தைத்துவிடுவார்கள். மூங்கில் கழியில் கோத்து, கரியை நேர் கீழே போடாமல் இரு பக்கமும் ஒதுக்கி வைத்து, மணிக்கணக்கில் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். தோல் அப்பளம்போல நொறுங்கும். உள்ளே சதையில் எலுமிச்சைப்புல் வாசம் இறங்கியிருக்கும். மணிலா பக்கம் ஈரலில் செய்த சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்கள். செபுக்காரரிடம் சாஸ் கேட்டால் முகம் சுருங்கிவிடும், உப்பும் வாசமும் உள்ளேயே இருக்கிறதே என்பார். மிளகாய் போட்ட வினிகர் வேண்டுமானால் தொட்டுக்கொள்ளலாம். தலிசாயும் தெற்கே இருக்கும் கர்காரும் இதற்குப் பேர்போன ஊர்கள்.

உங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடாமல் இருக்கலாம். அப்படியானால் வைக்கத்தான் வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மாப்பிள்ளை வீடோ பெண் வீடோ பிலிப்பினோ குடும்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே அவர்களிடம் பேசிவிடுங்கள். லெச்சோனை அவர்கள் சார்பில் தனி மேசையில் வைப்பது எனக்குத் தெரிந்த மூன்று கல்யாணங்களில் நடந்தது. இரு பக்கத்தாருக்கும் மனக்குறை இல்லை.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2019இல் இந்த நாட்டுக்குள் வந்தது. 2023 மார்ச்சில் கர்காரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து விலையும் கிடைப்பதும் முன்போல நிலையாக இல்லை. மூன்று வாரமாவது முன்னால் முன்பணம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

ஹோட்டலுக்குள் வெளிச் சாப்பாட்டை அனுமதிப்பார்களா?

பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனால் கார்க்கேஜ் என்று ஒரு கட்டணம் கேட்பார்கள். மது பாட்டிலுக்கு வந்த பெயர், இங்கே கேக், லெச்சோன், ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் அதே பெயர்தான். கல்யாணப் பேக்கேஜ் எடுத்தால் ஒரு லெச்சோனுக்கும் கேக்குக்கும் கார்க்கேஜ் தள்ளுபடி செய்யும் ஹோட்டல்கள் பல. பேக்கேஜில் எழுதியில்லை என்றாலும் கேளுங்கள். கேட்டதால் கிடைத்ததுதான் அதிகம்.

என் மகளின் ஞானஸ்நான விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன். விற்பனைப் பிரிவில் இருந்தவர் லெச்சோன் கொண்டுவரலாம் என்று வாயால் சொன்னார், நான் நம்பிவிட்டேன். விருந்தன்று அவர் விடுப்பு. பின்வாசல் காவலாளிக்குத் தகவல் போகவில்லை. லெச்சோன் கொண்டுவந்த வேன் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. பெட்டிக்குள் ஆவி அடித்து, உள்ளே வந்து திறந்தபோது தோல் நமுத்துப்போயிருந்தது. அதை வாட்டியவர் என் மாமியாரின் சித்தப்பா மகன். விடிகாலை இரண்டு மணியிலிருந்து நெருப்பு முன்னால் நின்றவர், அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. பிழை என்னுடையது, நான்தான் எழுதி வாங்கவில்லை.

எழுதி வாங்க வேண்டியவை இவை. என்னென்ன பண்டம் வெளியிலிருந்து வரும், எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக, கார்க்கேஜ் எவ்வளவு, லெச்சோனை வெட்டித் தருவது யார். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில ஹோட்டல்கள் வெட்டுவதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். லெச்சோன்காரரே ஓர் ஆளை அனுப்புவதாக இருந்தால் அவர் பெயரையும் வாசலில் கொடுத்து வையுங்கள்.

விலைப்பட்டியலில் 'ப்ளஸ் ப்ளஸ்' என்று போட்டிருக்கிறது. என்ன அது?

சேவைக் கட்டணமும் வாட் வரியும் மேலே சேரும் என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10%, வாட் 12%. தலைக்கு 1,000 பெசோ ப்ளஸ் ப்ளஸ் என்றால் கையில் 1,220 பெசோவாவது வேண்டும். 80 பேருக்கு 17,600 பெசோ கூடுதல். சேவைக் கட்டணம் முதலாளிக்குப் போகிறதோ என்ற சந்தேகம் வேண்டாம். 2019இல் வந்த சட்டப்படி அது முழுவதும் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஹோட்டலிடம் பேசும்போது 'நெட் விலை சொல்லுங்கள்' என்று கேட்டுவிடுங்கள், எல்லாம் சேர்ந்த தொகையைச் சொல்லிவிடுவார்கள்.

எத்தனை பேருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

லெச்சோன் எடையைச் சொல்லும்போது உயிர் எடையா, வாட்டிய எடையா என்று முதலில் கேளுங்கள். குடல் நீக்கி, நெருப்பில் வற்றி, எடை வெகுவாகக் குறைந்துவிடும். மற்றப் பண்டங்களும் இருக்கும் விருந்தில் வாட்டிய எடை 12 கிலோ வந்தால் 40 பேருக்குப் போதும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

நூடுல்ஸ், லும்பியா (இறைச்சியோ காய்கறியோ வைத்துச் சுருட்டிப் பொரித்தது) போன்றவற்றை 'பிலாவ்' கணக்கில் விற்பார்கள். பிலாவ் என்பது மூங்கிலில் பின்னிய வட்டத் தட்டு, இங்கே அரிசி புடைப்பதும் அதில்தான். அதன்மேல் வாழையிலை போட்டு நிரப்பித் தருவார்கள். பெரிய பிலாவ் 15 பேருக்குத் தாராளமாக வரும்.

ஹோட்டலுக்குக் கொடுக்கும் தலைக்கணக்கு வேறு விஷயம். நீங்கள் உறுதி சொன்ன எண்ணிக்கைக்குக் குறைவாக ஆள் வந்தாலும் முழுப் பணமும் கட்ட வேண்டும். ஆகவே எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, கூடுதலாக வருகிறவர்களுக்குத் தலைக்கு என்ன விலை என்று கேட்டு வைப்பது நல்லது. பிலிப்பினோ உறவினரை அழைத்தால் அவரோடு இன்னும் இருவர் வருவார்கள். அது இங்கே இயல்பு, அன்பால் வருவது. வெளியிலிருந்து வரும் பிலாவ்கள் அந்தக் கூட்டத்தைச் சமாளித்துவிடும்.

லெச்சோன் தவிர எதையெல்லாம் சேர்க்கலாம்?

பிறந்தநாள் என்றால் பான்சிட் என்ற நூடுல்ஸ் இல்லாமல் கூடாது. நீள நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கு என்பது சீனர்களிடமிருந்து வந்த நம்பிக்கை. செபுவில் 'பாமி' என்று ஒரு வகை உண்டு, கோதுமை நூடுல்ஸும் கண்ணாடி நூடுல்ஸும் கலந்தது. மற்ற ஊர்களில் பார்ப்பது அரிது, அதையே சொல்லுங்கள். விரல் நீளத்தில் சுருட்டிப் பொரித்த லும்பியாவை எத்தனை வைத்தாலும் முதலில் தீருவது அதுதான். ஹும்பா என்பது பன்றி இறைச்சியைச் சோயா, வினிகர், வெல்லம், கறுப்பு பீன்ஸ் போட்டு நெடுநேரம் வேகவைப்பது. நிறம் அடர்ந்து, வாயில் வைத்தால் கரையும்.

குழந்தைகளுக்கு ஸ்பகெட்டி. இத்தாலியச் சுவையை எதிர்பார்க்காதீர்கள், இது இனிக்கும். ஹாட்டாக் துண்டுகள் மிதக்கும், சிவப்புச் சாஸில் வாழைப்பழ கெச்சப் சேரும். அந்தக் கெச்சப்புக்குப் பின்னால் மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானி இருக்கிறார். தக்காளி இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில், கொல்லையில் விளையும் வாழைப்பழத்தை வைத்து கெச்சப் செய்து காட்டினார். 1945 பிப்ரவரியில் மணிலாவில் நடந்த சண்டையில் இறந்துபோனார். மேசையில் அந்த ஸ்பகெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சாதத்தை ஹோட்டல் தரும். இருந்தாலும் ஒரு கூடை 'புசோ' வரவழையுங்கள். தென்னங்குருத்தைச் சாய்சதுரமாக முடைந்து, உள்ளே அரிசி போட்டு வேகவைப்பது. நம் ஊர்ப் பனையோலைக் கொழுக்கட்டை தின்றவர்களுக்கு அந்த ஓலை வாசம் உடனே பிடிபடும். ஆளுக்கு இரண்டு மூன்று போகும்.

இனிப்புக்கு என் முதல் ஓட்டு 'புட்புட் கபோக்'. செபுவின் வடக்கே கத்மோன் என்ற ஊரின் பண்டம். சிறுதானியத்தைத் தேங்காய்ப்பாலில் கிண்டி, வாழையிலையில் சுருட்டி வேகவைப்பார்கள். கபோக் என்பது அந்தச் சிறுதானியத்தின் பெயர். இதோடு பழுத்த மாம்பழமும் கெட்டியான சூடு சாக்லேட்டும் வைத்தால் வேறு டெசர்ட் வேண்டாம். மாம்பழத்தை இவர்கள் 'மங்கா' என்பது மலாய் வழியாக நம் மாங்காயிலிருந்து வந்த சொல், நீங்கள் சொன்னால் விருந்தாளிகள் மகிழ்ந்துபோவார்கள்.

எங்கள் பெற்றோர் சுத்த சைவம். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். இங்கே 'வெஜிடேரியன்' என்று சொன்னால் காய்கறி அதிகம் உள்ள பண்டம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள். மீன் சாறான பாதிஸ், மீனையோ இறாலையோ புளிக்கவைத்த பகோவோங், சிப்பி சாஸ், சூப்பில் கரைக்கும் சிக்கன் கட்டி, பன்றிக் கொழுப்பு, இவையெல்லாம் சமையலில் உப்புபோலப் புழங்குபவை. பாசிப்பயற்றுக் குழம்பில்கூடக் கருவாடோ பன்றித் தோலோ விழும். ஆகவே பொதுவாகச் சொல்லாமல், மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி 'இது கூடாது' என்று எழுதிக் கொடுங்கள். முட்டையையும் சேர்த்து எழுதுங்கள். பொரிக்கும் எண்ணெய் தனியாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

நன்றாக வருபவை சில உண்டு. பிஞ்சுப் பலா தேங்காய்ப்பாலில், பூசணியும் தட்டைக்காயும் தேங்காய்ப்பாலில், சுட்ட கத்தரிக்காய் சாலட், டோஃபு. இவற்றை மீன் சாறு இல்லாமல் செய்வது கஷ்டமில்லை, சுவையும் குறையாது. இனிப்பில் புட்புட், வெல்லம் போட்ட ஒட்டரிசி பிகோ, வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரிக்கும் தூரோன் எல்லாம் சைவமே.

அப்படியும் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாது என்றால், செபுவில் இருக்கும் இந்திய உணவகம் ஒன்றிலிருந்து பத்துப் பேருக்கு மட்டும் சாப்பாடு வரவழையுங்கள். அதையும் கார்க்கேஜ் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். சைவ மேசையை லெச்சோன் மேசையிலிருந்து தள்ளி, கரண்டிகள் கலக்காத இடத்தில் போடச் சொல்லுங்கள்.

முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள்.

பன்றி வைக்கும் அதே அடுப்படியில் செய்ததைத் தனித் தட்டில் வைத்தால் ஹலால் ஆகிவிடாது. ஹலால் சான்று உள்ள சமையலறையிலிருந்து மூடிய பெட்டிகளில் தனியாக வரவழைப்பதே மரியாதை. நாட்டின் தெற்கே உள்ள மின்டனாவோ தீவைச் சேர்ந்த முஸ்லிம் சமையல்காரர்கள் கிடைத்தால் மரனாவோ மக்களின் மஞ்சளும் தேங்காயும் சேர்ந்த சிக்கன் பியாபரான் சொல்லுங்கள். காரம் உண்டு, நம் நாக்குக்கு நெருக்கம்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது?

ஹால் வாடகை பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு. அதற்கு மேல் மணிக்கணக்கில் கட்டணம். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் கூட்டம் ஏழுக்குச் சேரும். வந்தபின் முதலில் சிறு ஜெபம், அப்புறம்தான் சாப்பாடு. நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் விருந்தாளிகளில் ஒரு மூத்தவரை ஜெபம் சொல்ல அழையுங்கள், அவர்கள் மனம் குளிரும். இதையெல்லாம் கணக்கிட்டு லெச்சோன் ஆறே முக்காலுக்கு வந்தால் போதும். வந்தவுடன் பெட்டியைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

முதியோர் தள்ளுபடி 20% கிடைக்குமா?

உணவகத்தில் பிலிப்பினோ முதியவர் தனக்காகச் சாப்பிடும்போது கிடைக்கும். முன்பதிவு செய்த பார்ட்டி பேக்கேஜுக்கும் மொத்த ஆர்டருக்கும் பொருந்தாது.

வீட்டிலிருந்து சமைத்துத் தருபவர்களை நம்பலாமா?

நம்பலாம், செபுவின் நல்ல சமையல் பாதி வீடுகளில்தான் இருக்கிறது. சில ஹோட்டல்கள் மட்டும் சமைப்பவரின் சுகாதார அனுமதியைக் கேட்கும். உணவு கையாளுபவருக்கு உடல்நலச் சான்று வேண்டும் என்பது 1975இன் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாழையிலையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை ஹோட்டலில் செய்யலாமா?

'பூடில் ஃபைட்' என்பார்கள், ராணுவத்திலிருந்து வந்த பழக்கம். நீள மேசை முழுக்க வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் கரைபோலக் குவித்து, மேலே மீன், இறால், இறைச்சி, மாங்காய் அடுக்கி, எல்லோரும் நின்றபடி கையால் சாப்பிடுவார்கள். நம்மவர்களுக்கு இலையும் கையும் புதிதல்ல, ஆனால் ஒரே இலையில் இருபது பேர் கை வைப்பது சிலருக்குச் சங்கடம். இளைஞர்களுக்கு மட்டும் ஒரு மேசை போடலாம். கடற்கரை ரிசார்ட்டுகளில் எளிது. நகர ஹோட்டல் ஹாலில் கை கழுவும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சத்தை எடுத்துப்போகலாமா?

வெளியிலிருந்து வந்தது உங்களுடையது, எடுத்துப்போகலாம். ஹோட்டல் பஃபேயை எடுக்கப் பல இடங்களில் விடமாட்டார்கள், கெட்டுப்போனால் பழி அவர்கள் மேல் வரும் என்பதால். இங்கே விருந்தாளியை வெறும் கையோடு அனுப்பும் வழக்கமில்லை. 'பபாவோன்' என்று ஒரு சின்னப் பொட்டலமாவது கொடுத்தனுப்புவார்கள். அதற்கென்று 50 டப்பாக்கள் நீங்களே வாங்கி வையுங்கள். மிஞ்சிய லெச்சோனை மறுநாள் வினிகர் போட்டுக் கொதிக்கவைத்தால் பக்சிவ் என்ற குழம்பு. எங்கள் வீட்டில் அதற்காகவே தலைப்பகுதியை ஒதுக்கி வைப்பார்கள்.

எந்த மாதம் வைக்கலாம்?

டிசம்பர் முழுக்க நிறுவனங்களின் கிறிஸ்துமஸ் விருந்துகள். ஜனவரி மூன்றாம் ஞாயிறு சினுலோக் திருவிழா, அறையே கிடைக்காது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், அன்று லெச்சோன் வைத்தால் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் வைத்தால் புயல் வந்து தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 2021 டிசம்பர் 16 அன்று ஒடெத் புயல் அடித்தபின் செபுவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத பகுதிகள் இருந்தன. ஜெனரேட்டர் ஹாலுக்கு மட்டுமா, சமையலறைக்கும் சேர்த்தா என்று அதற்கப்புறம் நான் தவறாமல் கேட்கிறேன்.

புகைப்படக்காரர், டிரைவர்கள், லெச்சோன் வெட்ட வந்தவர்... இவர்களுக்குச் சாப்பாடு?

'க்ரூ மீல்' என்று ஹோட்டலே குறைந்த விலையில் பெட்டிச் சாப்பாடு தரும், பேக்கேஜிலேயே சில சேர்ந்திருக்கும். எத்தனை என்று முன்பே எண்ணிச் சொல்லுங்கள். 80 பேர் விருந்துக்கு எங்களுக்கு 12 பெட்டி தேவைப்பட்டது. லெச்சோன்காரர் மட்டும் பெட்டியை வாங்கமாட்டார், வெட்டி முடித்துத் தோலில் ஒரு துண்டைப் புசோவோடு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். அவருக்குக் குடிக்க ஏதாவது குளிர்ச்சியாகக் கொடுங்கள்.